எச்-1பி விசாவில் க்ரூஸ் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ப்ரிங் பிரேக்கோ தேங்க்ஸ்கிவிங்கோ நெருங்கினால் போதும், டெக்சாஸில் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். கால்வெஸ்டனிலிருந்து ஐந்து நாள் கப்பல், நல்ல விலை, நாலு குடும்பம் சேர்ந்து போகிறது, அதில் ஒருவருக்கு மட்டும் விசா ஸ்டாம்ப் முடிந்துவிட்டது. என்ன செய்வது? திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்திய பாஸ்போர்ட்டோடு, எச்-1பி போன்ற வேலை விசாவில் அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்காக எழுதியது. விதிகள் 2025 இறுதியில் இருந்த நிலவரம். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் கோப்பில் ஏதாவது நிலுவையில் இருந்தால் கம்பெனி அட்டர்னியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

1. "கால்வெஸ்டன்ல ஏறி கால்வெஸ்டன்லயே இறங்குறோம். இதுக்கு எதுக்குங்க விசா?"

எங்கே ஏறி எங்கே இறங்குகிறீர்கள் என்பது கணக்கில் வராது. கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டால் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறிவிட்டீர்கள். திரும்பி வரும்போது விமானத்தில் சென்னையிலிருந்து வருபவருக்கு என்ன சோதனையோ அதேதான் உங்களுக்கும். மூன்று நாள் பஹாமாஸ் பயணமானாலும், மூன்று வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் எல்லை அதிகாரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும். "இந்தக் கப்பலில் ஏறலாமா" என்று கேட்பதை விட, "எந்தக் காகிதத்தைக் காட்டித் திரும்ப உள்ளே வரப்போகிறேன்" என்று கேளுங்கள்.

2. "என்கிட்ட 797 அப்ரூவல் 2027 வரைக்கும் இருக்கு. அப்புறம் விசா எதுக்கு?"

மூன்று விஷயங்களை நம் ஆட்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டாம்ப், வெளியிலிருந்து வந்து வாசலைத் தட்டுவதற்கு. ஐ-94, உள்ளே எந்தத் தேதி வரை இருக்கலாம் என்பதற்கு. ஐ-797, உங்கள் கம்பெனி போட்ட மனு ஏற்கப்பட்டது என்பதற்கு. அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும்வரை ஸ்டாம்ப் முடிந்தால் ஒன்றும் ஆகாது. பத்து வருடம் ஸ்டாம்ப் இல்லாமலேயே சட்டப்படி வேலை பார்ப்பவர்கள் உண்டு. காலை வெளியே வைத்தால்தான் ஸ்டாம்ப் தேவைப்படும்.

ஆக, 2027 வரை 797 இருப்பது நீங்கள் இங்கே இருக்கவும் வேலை பார்க்கவும் போதும். பஹாமாஸிலிருந்து திரும்பி வரப் போதாது.

3. "எல்லாம் வேலிட்டா இருக்கு. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

பாஸ்போர்ட், விசா ஸ்டாம்ப், அசல் 797, சமீபத்திய ஐ-94 அச்சுப்படி, கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டு, முடிந்தால் வேலையை உறுதிப்படுத்தும் கடிதம். மனைவியோ கணவரோ எச்-4 (எச்-1பிக்காரரின் குடும்பத்தாருக்கான விசா) என்றால் அவர்களுடைய ஸ்டாம்பும், உங்கள் 797 பிரதியும். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டும் வேண்டும். பழையதைக் கிழிக்காமல், ஸ்டாம்ப் கெடாமல் வைத்திருந்தால் அது செல்லும்.

இவை கைப்பையில் இருக்க வேண்டும். துறைமுக வாசலில் கார் நின்றதும் போர்ட்டர் வந்து பெட்டிகளை வாங்கி வண்டியில் ஏற்றிவிடுவார். காகிதச் சோதனை அதற்குப் பிறகு, உள்ளே கவுண்டரில்தான். 797ஐப் பெரிய பெட்டியில் வைத்தவர்கள் அந்தக் கவுண்டர் முன் நின்று படும் பாடு பார்க்கச் சகிக்காது. பெட்டி அதற்குள் கப்பலின் வயிற்றுக்குள் போயிருக்கும்.

4. "ஸ்டாம்ப்ல பழைய கம்பெனி பேர் இருக்கு. இப்ப வேற கம்பெனி. பிரச்சினை வருமா?"

வராது. ஸ்டாம்பில் உள்ள தேதி முடியாமல் இருந்து, புதிய கம்பெனியின் 797 கையில் இருந்தால் அதே எச்-1பி ஸ்டாம்பில் திரும்ப வரலாம். கவுண்டரில் இருக்கும் கப்பல் ஊழியருக்கு இது தெரியாமல் இருக்கலாம். பதறாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

5. "பர்த் சர்டிபிகேட், டிரைவிங் லைசென்ஸ் போதும்னு கப்பல் சைட்லயே போட்டிருக்கே?"

அது அமெரிக்கக் குடிமக்களுக்கு. ஒரே துறைமுகத்தில் ஏறி இறங்கும் பயணங்களில் அவர்களுக்கு மட்டும் பாஸ்போர்ட் இல்லாமல் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் போதும் என்ற சலுகை உண்டு. இங்கே பிறந்த உங்கள் குழந்தைக்கு அது பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. குழந்தைக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவதே நல்லது என்பேன். நடுவழியில் உடம்பு சரியில்லாமல் போய் விமானத்தில் திரும்ப வேண்டி வந்தால் பிறப்புச் சான்றிதழை வைத்து ஏற முடியாது.

6. "ஸ்டாம்ப் எக்ஸ்பயர் ஆயிடுச்சு. மயாமி டு நசாவ், வெறும் மூணு நாள். ரிஸ்க் எடுக்கலாமா?"

கூடாது. பஹாமாஸுக்குப் போய் எச்-1பியில் திரும்பி வர உயிருள்ள ஸ்டாம்ப் வேண்டும். கப்பல் நிறுவனம் உங்களை ஏற்றவே ஏற்றாது. சரியான ஆவணம் இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து இறக்கினால் அரசு அவர்களுக்கு அபராதம் போடும். அதனால்தான் கவுண்டரில் அவ்வளவு கறார். டிக்கெட் ஒப்பந்தத்தில் "ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு" என்று எழுதியிருக்கும், எனவே பணமும் திரும்ப வராது. தப்பித்தவறி ஏறிவிட்டால்? அது இன்னும் மோசம். திரும்பும் நாளில் உள்ளே வர வழி இல்லாமல் நிற்பீர்கள்.

"என் ஃபிரெண்டு போயிட்டு வந்தான், ஒண்ணும் கேக்கல" என்று ஒருவர் எப்போதும் சொல்வார். அவர் ஃபிரெண்டு அன்று தப்பித்தார், அவ்வளவுதான்.

7. "30 நாள் ரூல்னு ஒண்ணு இருக்காமே? ஸ்டாம்ப் இல்லாமலே வரலாமாமே?"

இருக்கிறது. தானியங்கி மறு செல்லுபடி என்று சொல்லலாம். ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும், ஐ-94 செல்லுபடியாக இருந்து, 30 நாளுக்குள் திரும்பினால், பழைய ஸ்டாம்ப் அன்றைய தேதி வரை நீட்டிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். மாணவராக வந்து எஃப்-1 ஸ்டாம்போடு இங்கேயே எச்-1பிக்கு மாறியவர்களுக்கும் இது உதவும். அந்த எஃப்-1 ஸ்டாம்ப் எச்-1பியாகவே கருதப்படும்.

ஆனால் எச்-1பி, எச்-4, எல்-1 (கம்பெனி மாற்றலில் வந்தவர்கள்) ஆட்களுக்கு இது கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும்தான். அதுவும் அந்த இரண்டு நாடுகளுக்கு *மட்டும்* போயிருக்க வேண்டும். கப்பல் மெக்சிகோவின் கோசுமெலோடு நிற்காமல் ஜமைக்காவையோ கிராண்ட் கேமனையோ தொட்டால் சலுகை அவுட். கால்வெஸ்டன், மயாமி கப்பல்களின் வழித்தடத்தைப் பார்த்தால் இப்படி ஒரு தீவு பெரும்பாலும் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: போன இடத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்தால் சலுகை போய்விடும். மறுத்துவிட்டால் அங்கிருந்து நேரே இந்தியாதான்.

8. "மெக்சிகோ மட்டும் போற கப்பல் பார்த்துட்டேன். லாங் பீச் டு என்செனாடா. அப்ப ஓகேவா?"

அமெரிக்கச் சட்டப்படி திரும்பி வர, முந்தைய கேள்வியில் சொன்ன விதி உதவும். இன்னும் இரண்டு தடை பாக்கி இருக்கிறது. ஒன்று மெக்சிகோ. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தேவையில்லை. உங்கள் ஸ்டாம்ப் முடிந்துவிட்டதே! 797ஐ அவர்கள் விசாவாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டு, கப்பல் நிறுவனம். சட்டம் அனுமதித்தாலும் சில நிறுவனங்கள் "வேலிட் விசா இல்லாமல் ஏற்ற மாட்டோம்" என்ற தங்கள் கொள்கையைப் பிடித்துக்கொள்ளும். என்செனாடாவில் யாரும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை என்று சொல்பவர்கள் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். உங்களை நிறுத்தப்போவது என்செனாடா இல்லை, லாங் பீச் கவுண்டர். பயணம் முடிவு செய்யும் முன் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் "யா, யூ ஆர் குட்" என்று சொன்ன ஆள் அன்று கவுண்டரில் இருக்க மாட்டார்.

9. "என் ரூம்மேட் ஸ்டாம்ப் இல்லாம பஹாமாஸ் போயிட்டு வந்தானே, அது எப்படி?"

அவர் எஃப்-1 மாணவராக இருப்பார். எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு 30 நாள் விதி கியூபா தவிர்த்த அண்டைத் தீவுகளுக்கும் பொருந்தும். பஹாமாஸ், ஜமைக்கா, பெர்முடா, டொமினிக்கன் குடியரசு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கல்லூரி கொடுக்கும் ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து சரியாக இருக்க வேண்டும். ஓபிடியில் (படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலைப் பயிற்சி அனுமதி) இருந்தால் அந்தக் கையெழுத்து ஆறு மாதத்துக்குள் போட்டதாக இருப்பது நல்லது.

அதே ரூம்மேட் அக்டோபரில் எச்-1பிக்கு மாறிவிட்டால் டிசம்பர் க்ரூஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. வேலை கிடைத்ததும் உரிமை குறைகிறது என்பது வேடிக்கைதான், ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

10. "அலாஸ்கா அமெரிக்காதானே? சியாட்டில்ல ஏறி அலாஸ்கா பார்த்துட்டு வர விசா வேணுமா?"

அலாஸ்கா அமெரிக்காதான், ஆனால் கப்பல் கனடாவைத் தொடாமல் வராது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடியில் ஓடும் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளைக் கூட்டிச் செல்லக் கூடாது என்கிறது. பெரிய கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா என்று வெளிக்கொடியில் பதிவானவை. அதனால் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் போய் நிற்கும். பெரும்பாலும் பயணத்தின் கடைசிக் கட்டத்தில், மாலை நேரத்தில் சில மணி நேரம். ஊரைப் பார்ப்பதற்கு என்பதை விடச் சட்டத்துக்குக் கணக்குக் காட்டுவதற்கு என்றே சொல்லலாம். 2021இல் கொரோனாவால் கனடா துறைமுகங்களை மூடியபோது, அலாஸ்கா கப்பல்கள் ஓடுவதற்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாகத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

அந்தச் சில மணி நேரத்துக்காக இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசிட்டர் விசா வேண்டும். எச்-1பி ஸ்டாம்ப் இருந்தாலும் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவருக்குத் தேவையில்லை. பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். விண்ணப்பம் ஆன்லைனில், கைரேகையை அமெரிக்காவிலேயே குடியேற்றத் துறையின் மையங்களில் கொடுக்கலாம், ஒப்புதல் வந்ததும் பாஸ்போர்ட்டை விஎஃப்எஸுக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு இன்னொரு 85. எத்தனை வருடத்துக்கு என்பது அதிகாரியின் முடிவு, பாஸ்போர்ட் தாங்கினால் பத்து வருடம் வரை கூடக் கிடைக்கலாம், எனவே வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். கோடைப் பயணத்துக்குக் குளிர்காலத்திலேயே ஆரம்பியுங்கள்.

ஒரு நல்ல செய்தி: சியாட்டில், அலாஸ்கா, விக்டோரியா, சியாட்டில் என்று போகும் கப்பல் கனடாவை மட்டுமே தொடுகிறது. எச்-1பி ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் கனடா விசாவும் ஐ-94ம் இருந்தால் 7ஆம் கேள்வியின் சலுகை சட்டப்படி பொருந்தும். 8இல் சொன்ன மின்னஞ்சல் வேலையை இங்கேயும் செய்துவிடுங்கள்.

11. "விக்டோரியால நான் இறங்கவே மாட்டேன். ரூம்லயே தூங்கிடறேன். அப்பவும் விசா வேணுமா?"

ஆமாம். கப்பலுக்குள்ளேயே இருந்தாலும் கப்பல் கனடாவுக்குள் வந்துவிட்டது. நிறுவனம் சியாட்டிலிலேயே கனடா விசாவைக் கேட்கும்.

12. "கோகோகே, காஸ்ட்அவே கே எல்லாம் கப்பல் கம்பெனியோட சொந்தத் தீவாச்சே. அது எந்த நாட்டுலயும் வராதே?"

வரும். இரண்டும் பஹாமாஸ் நாட்டு மண். அதே மாதிரி இன்னொரு இடமான லபாடி ஹைட்டியில் இருக்கிறது. கம்பெனி குத்தகைக்கோ விலைக்கோ எடுத்து நீச்சல்குளம் கட்டியிருக்கிறது, தனி நாடு ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. அங்கே மட்டும் நிற்கும் மூன்று நாள் கப்பலுக்கும் 6ஆம் கேள்வியின் பதில்தான்.

13. "ஸ்டாம்ப் இல்லாதவங்க போகவே முடியாதா? ஒரு க்ரூஸ் கூட இல்லையா?"

இருக்கிறது, ஆனால் குறைவு. நார்வீஜியன் நிறுவனத்தின் ப்ரைடு ஆஃப் அமெரிக்கா என்ற கப்பல் அமெரிக்கக் கொடியில் பதிவானது. ஹொனலூலுவில் ஏறி ஏழு நாள் ஹவாய்த் தீவுகளை மட்டும் சுற்றிவிட்டு அங்கேயே இறங்கலாம். வெளிநாட்டுத் துறைமுகமே கிடையாது, எனவே நீங்கள் நாட்டை விட்டு வெளியேறவே இல்லை. விமானத்தில் ஹவாய்க்குப் போய்ச் சுற்றி வருவது போலத்தான். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிளம்பும் ஹவாய்க் கப்பல்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை வெளிக்கொடிக் கப்பல்கள், 10இல் சொன்ன அதே சட்டத்துக்காக என்செனாடாவில் நின்றுதான் வரும்.

மிசிசிப்பி போன்ற நதிகளில் ஓடும் அமெரிக்கக் கொடிச் சிறு கப்பல்களும் உண்டு. விலையைக் கேட்டால் ஊருக்கே போய் ஸ்டாம்பிங் முடித்துவிட்டு வரலாம் போலிருக்கும். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வரும் வெளிக்கொடிக் கப்பல்கள் முன்பு இருந்தன. 2016 முதல் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து அவை ஓடுவதில்லை.

14. "கப்பல் ஜமைக்கால ஒரு நாள் நிக்குது. அங்க தூதரகத்துல ஸ்டாம்பிங் முடிச்சுட்டா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா இல்லையா?"

ஒரு மாங்காயும் விழாது. ஸ்டாம்பிங்குக்கு நேர்காணல் நேரம் வாங்கி, பாஸ்போர்ட்டைக் கொடுத்து, நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும்; கப்பல் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அதோடு, 2025 செப்டம்பரிலிருந்து அவரவர் குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. அமெரிக்காவுக்குள்ளேயே ஸ்டாம்ப் புதுப்பிக்கும் சோதனைத் திட்டம் 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 20,000 பேருக்காக நடந்தது, அதோடு சரி. ஆக ஸ்டாம்பிங் என்றால் சென்னை, ஐதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தாதான்.

15. "ஒவ்வொரு தீவுக்கும் தனி விசா எடுக்கணுமா?"

காலையில் இறங்கி மாலையில் கப்பலுக்குத் திரும்பும் பயணிகளிடம் கரீபியன் தீவுகள் பல தனி விசா கேட்பதில்லை. ஜமைக்கா, பார்படோஸ் போன்றவை இந்திய பாஸ்போர்ட்டுக்கே விசா கேட்பதில்லை. வேறு சில, அமெரிக்க விசா இருந்தால் விட்டுவிடும். ஆனால் "பல" என்பது "எல்லாம்" ஆகாது. வழித்தடத்தில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எழுதி, இந்திய பாஸ்போர்ட், எச்-1பி என்று தெளிவாகச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். ஒரே ஒரு துறைமுகத்துக்கு விசா இல்லாவிட்டாலும் முழுப் பயணத்தையும் மறுத்துவிடுவார்கள்.

ஐரோப்பா பக்கம் பார்சலோனா, ரோம் என்று போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதில் எத்தனை முறை நுழையலாம் என்பதைப் பாருங்கள். நடுவில் கப்பல் துருக்கியில் நின்றுவிட்டு மீண்டும் கிரீஸுக்கு வந்தால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா அங்கேயே முடிந்துபோகும்.

16. "திரும்பி வர்ற அன்னிக்கு என்ன நடக்கும்?"

காலையில் கப்பல் கரை சேர்ந்ததும் தளம் தளமாக இறக்குவார்கள். பல துறைமுகங்களில் இப்போது முகத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. குடிமக்கள் நடந்துகொண்டே வெளியே போவார்கள். உங்களைத் தனி வரிசைக்கு அனுப்பலாம். சில கப்பல்களில் முதல் நாள் இரவே "அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதோர் இந்த நேரத்துக்கு இந்த ஹாலுக்கு வரவும்" என்று அறைக்குச் சீட்டு வரும். அதைத் தவறவிடாதீர்கள். அதிகாரி கேட்பது பெரும்பாலும் எங்கே வேலை, என்ன வேலை, எத்தனை நாள் போனீர்கள் என்பதோடு முடிந்துவிடும்.

கூட வந்த நண்பர்கள் கிரீன் கார்டு வைத்திருந்தால் உங்களுக்காக வெளியே ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வரலாம். அன்று காலை பத்து மணி விமானத்துக்கு டிக்கெட் எடுப்பது சுத்த அநியாயம். மதியத்துக்கு மேல் போடுங்கள்.

பழம், கறி, செடி எதையும் கப்பலிலிருந்து எடுத்து வராதீர்கள். பஃபேயில் குழந்தைக்காக எடுத்து வைத்த ஆப்பிள்தான் வழக்கமாக மாட்டும்.

17. "வந்ததுக்கு அப்புறம் ஐ-94 பார்க்கணும்னு சொல்றாங்களே, ஏன்?"

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஸ்டாம்ப் இல்லாதவர் கவுண்டரிலேயே தடுக்கப்பட்டுவிடுவார். நஷ்டம் பணத்தோடு போகும். ஐ-94 தேதியைக் கவனிக்காதவருக்கு ஒரு வருடம் கழித்துத்தான் விஷயமே தெரியும்.

திரும்பி வரும்போது உங்களுக்குப் புதிய ஐ-94 பதிவாகலாம். அப்படிப் பதிவானால், 797இன் அடியில் அச்சிட்ட தேதியை விட இந்தப் புதிய தேதிதான் செல்லும். கடைசியாகக் கொடுத்ததே கணக்கு. 797 செப்டம்பர் 2027 வரை இருந்தும், அதிகாரி ஸ்டாம்பில் உள்ள பழைய மனுத் தேதியைப் பார்த்து பிப்ரவரி 2026 என்று போட்டுவிட்டால் உங்கள் அனுமதி பிப்ரவரியில் முடிகிறது. அசல் 797ஐ முதலிலேயே நீட்ட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இன்னொரு பொறி பாஸ்போர்ட். பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறது என்றால் ஐ-94ஐயும் மார்ச்சோடு வெட்டிவிடுவார்கள். அதில் அதிகாரியின் தவறு எதுவும் இல்லை. எனவே பாஸ்போர்ட்டில் ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் முதலில் புதுப்பியுங்கள், பிறகு கப்பலைப் பாருங்கள். வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளில் எல்லைத் துறையின் இணையதளத்தில் குடும்பத்தில் ஒவ்வொருவருடைய ஐ-94ஐயும் தனித்தனியாகப் பாருங்கள். உங்களுக்குச் சரியாகவும் மனைவிக்குத் தவறாகவும் போட்டிருக்கக்கூடும். அதிகாரியின் தவறு என்றால் அருகிலுள்ள டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன் அலுவலகத்தில் திருத்தித் தருவார்கள். பாஸ்போர்ட்டால் வெட்டப்பட்டது என்றால் அட்டர்னியிடம்தான் போக வேண்டும்.

18. "எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கோம், இன்னும் வரலை. நடுவுல போயிட்டு வந்துடலாமா?"

எது நிலுவையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு விசா நிலையிலிருந்து இன்னொன்றுக்கு, உதாரணமாக எச்-4இலிருந்து எச்-1பிக்கு, மாறும் விண்ணப்பம் என்றால் போகவே போகாதீர்கள். கப்பல் கிளம்பியதும் அந்த நிலை மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். எச்-4 நீட்டிப்பு நிலுவையில் இருந்தாலும் அட்டர்னியிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

எச்-1பி நீட்டிப்பில் கம்பெனியின் மனு சாகாது. ஆனால் பழைய 797 முடிந்து, 240 நாள் விதியில் (நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது 240 நாள் வரை வேலையைத் தொடரலாம் என்பது) வேலை பார்த்துக்கொண்டிருப்பவர் வெளியே போனால், புதிய ஒப்புதல் வரும்வரை காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. பிரீமியம் (சீக்கிரம் முடிவு சொல்வதற்கான கூடுதல் கட்டணம்) கட்டி முடிவை வாங்கிவிட்டுப் போவது நல்லது.

19. "ஐ-485 போட்டாச்சு, அட்வான்ஸ் பரோல் கார்டும் வந்தாச்சு. இனி ஃப்ரீதானே?"

ஐ-485 என்பது கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பம். அது நிலுவையில் இருக்கும்போது அமெரிக்காவுக்குத் திரும்பி வர, முன்கூட்டியே வாங்கும் பயண அனுமதியான அட்வான்ஸ் பரோல் போதும். அது இல்லாமல் போவதானால் எச் அல்லது எல் நிலையில், உயிருள்ள ஸ்டாம்போடு இருக்க வேண்டும். மற்றவர்கள் பரோல் இல்லாமல் வெளியேறினால் 485 கைவிடப்பட்டதாகிவிடும். இரண்டும் இருப்பவர்கள் எதைக் காட்டி நுழைவது என்பதை அட்டர்னியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அட்வான்ஸ் பரோல் ஒரு விசா இல்லை. 8, 15இல் சொன்ன "அமெரிக்க விசா இருந்தால் போதும்" என்ற சலுகையை அதை வைத்துக் கேட்க முடியாது.

20. "லே-ஆஃப் ஆயிட்டேன். 60 நாள் இருக்கு, ஸ்டாம்ப் 2026 வரை இருக்கு. மனசு மாற ஒரு க்ரூஸ் போயிட்டு வரேனே?"

மனசு புரிகிறது. ஆனால் வேலை போனபின் கிடைக்கும் அந்த 60 நாள் அவகாசம் உள்ளே இருப்பவருக்கு. வெளியே போய்விட்டு எச்-1பியில் திரும்ப வர, காத்திருக்கும் ஒரு வேலை வேண்டும். "எங்கே வேலை பார்க்கிறீர்கள்" என்ற கேள்விக்கு உண்மையான பதில் உங்களிடம் இல்லை, பொய் சொன்னால் அதன் விளைவு வாழ்நாள் முழுக்க வரும். ஹவாய்க் கப்பல் இருக்கிறது, 13ஐப் பாருங்கள்.

21. "அப்பா அம்மா டூரிஸ்ட் விசா பி-2ல வந்திருக்காங்க, ஆறு மாசம் முடியப் போகுது. ஒரு க்ரூஸ் கூட்டிட்டுப் போனா இன்னொரு ஆறு மாசம் கிடைக்குமா?"

அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகளுக்குக் குறுகிய பயணம் போய் வந்தால் அதிகாரி பழைய ஐ-94 தேதியையே தொடரச் சொல்லலாம். புதிதாகக் கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு, "நீட்டிப்பதற்காகத்தான் போனீர்களா" என்று கேட்கவும் உண்டு. வயதானவர்களை அந்த வரிசையில் பதில் சொல்ல வைப்பது தேவையா? தங்க வேண்டிய காரணம் இருந்தால் நீட்டிப்பு விண்ணப்பம் என்ற நேர்வழி இருக்கிறது.

சும்மா சுற்றிப் பார்க்க அழைத்துப் போவதில் ஒரு தடையும் இல்லை. பத்து வருட ஸ்டாம்பும், மருத்துவக் காப்பீடும், சைவம் என்றால் கிளம்பும் முன்பே பதிவு செய்த இந்தியச் சாப்பாடும் இருந்தால் போதும்.

22. "கோசுமெல்ல ஷாப்பிங் போய் கப்பலை விட்டுட்டா?"

அடுத்த துறைமுகத்துக்கோ அமெரிக்காவுக்கோ சொந்தச் செலவில் விமானத்தில் வர வேண்டும். ஸ்டாம்ப் உயிரோடு இருந்தால் செலவோடு முடிந்தது. 7ஆம் கேள்விச் சலுகையை நம்பிப் போனவர் என்றால், விமான நிறுவன கவுண்டரில் அந்த விதியை நீங்களே விளக்க வேண்டியிருக்கும், அச்செடுத்து வைத்திருங்கள். பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு இறங்குவதா, எடுத்துப் போவதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் எடுத்துப் போகும் கட்சி.

23. "ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்துடுச்சே. க்ரூஸ் போயிட்டு வரும்போது கேப்பாங்களா?"

இல்லை. 2025 செப்டம்பர் 19 அன்று வந்த அந்த அறிவிப்பு, 21ஆம் தேதி முதல் போடப்படும் புதிய எச்-1பி மனுக்களைப் பற்றியது. ஏற்கெனவே செல்லுபடியாகும் எச்-1பி விசா வைத்திருப்பவர் வெளியே போய்விட்டு வர அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை மறுநாளே தெளிவுபடுத்தியது. ஆனால் அந்த ஒரு இரவில் எத்தனை பேர் விமானத்திலிருந்து இறங்கினார்கள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கப்பலில் அப்படி நடுவில் இறங்க முடியாது. கிளம்பும் வாரத்தில் ஒருமுறை செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

24. "கப்பல்ல இருந்த நாளை ஆறு வருஷக் கணக்குல திரும்ப வாங்கலாமா?"

இப்படியும் ஒருவர் கேட்டார், கேட்டதில் தவறே இல்லை. எச்-1பியின் ஆறு வருட வரம்பில், அமெரிக்காவுக்கு வெளியே முழுதாகக் கழித்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் சேராது. ஏழு நாள் கப்பலில் நடுவில் உள்ள முழு நாட்கள்தான், அவற்றிலும் அலாஸ்கா, செயின்ட் தாமஸ், போர்ட்டோ ரிக்கோ போன்ற அமெரிக்க மண்ணில் நின்ற நாட்களை விட்டுவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது என்பதால் பயணச் சீட்டு, வழித்தடம், கப்பல் கணக்கின் இறுதி ரசீது மூன்றையும் பத்திரப்படுத்தி, நீட்டிப்புப் போடும்போது அட்டர்னியிடம் கொடுங்கள். ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் கையில் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் தேவைப்படாது. ஆறாவது வருடத்தின் முடிவில் நிற்பவருக்கு அந்த நாலைந்து நாளும் உதவும்.